கொழும்பு தூரமில்லை, கடிதம்தான் தூரம்

எங்கள் தோட்டத்தில் உயர்தரம் முடித்த நான்கு பேருக்கு, அரச நிறுவனம் ஒன்றிலிருந்து நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. கொழும்புக்குப் போனது மூவர்தான். நான்காவது பிள்ளையின் கதையைக் கடைசியில் சொல்கிறோம்.

ஹட்டனில் இரவு பஸ் ஏறினோம். கித்துல்கலை தாண்டியதும் குளிர் விட்டது. அவிசாவளையில் சுவெட்டரைக் கழற்றிப் பைக்குள் வைத்தோம். விடியுமுன் புறக்கோட்டையில் இறங்கியபோது வியர்த்துக்கொட்டியது.

கொழும்பில் முதலில் எங்கள் கண்ணில் பட்டது உயர்ந்த கட்டடங்கள் அல்ல, நம்மவர்கள்தான். சாப்பாட்டுக் கடையில் மேசை துடைத்த தம்பி எங்கள் பேச்சைக் கேட்டதுமே, "எந்தத் தோட்டம் அண்ணே?" என்றான். அவன் பொகவந்தலாவைப் பக்கம். சாமான் கடைகளிலும் மூட்டை சுமக்கும் இடங்களிலும் மலையகப் பேச்சு கேட்டது. 1883ஆம் ஆண்டிலிருந்து நமது தேயிலை ஏலம் போவது இந்த ஊரில்தான். நாம் பறித்த கொழுந்துக்கு வழி தெரிந்த ஊரில், நாம் வழி கேட்டுக் கேட்டு நடந்தோம்.

நேர்முகப் பரீட்சையில் கேள்விகள் சிங்களத்தில் வந்தன. தமிழில் பதில் சொல்லலாமா என்று கேட்டோம். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தமிழ் தெரிந்த ஒருவரை அழைத்து வந்தார்கள். அரச சேவைக்கான பரீட்சைக்குத் தமிழிலோ சிங்களத்திலோ தோற்றும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை தருகிறது. கேட்டதால் கிடைத்தது, கேட்காவிட்டால் கிடைத்திராது.

மாலையில் காலிமுகத்திடலுக்குப் போனோம். மூவருமே கடலைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "நம்ம பாட்டன் பூட்டன் இதத் தாண்டித்தானே வந்தாங்க" என்றான் ஒருவன். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள்தான் அந்த நான்காவது பிள்ளையின் கையில் கடிதம் கிடைத்தது. எங்கள் மூவரையும்விட அவளுக்குத்தான் பெறுபேறு நல்லது. தபால் முத்திரையைப் பார்த்தோம். கடிதம் பல நாட்களுக்கு முன்பே வந்திருக்கிறது. தோட்டத்துக் காரியாலயத்தில் வேறு கடிதங்களோடு அடியில் கிடந்திருக்கிறது. அவளுடைய அம்மா இருபது வருடமாக அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். பறித்த கொழுந்து அன்றைக்கே நிறுக்கப்பட்டுக் கணக்கில் ஏறுகிறது. மகளின் கடிதத்துக்கு மட்டும் கணக்கு இல்லை.

லயத்துக்கு வீட்டிலக்கமும் இல்லை, வீதிப் பெயரும் இல்லை. அதனால்தான் நமது கடிதங்கள் இன்னொருவர் மேசையில் காத்துக் கிடக்கின்றன. தொழிற்சங்கம் சம்பளத்தோடு இதையும் பேச வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கமும் விலாசமும் வேண்டும். தபால்காரர் வீட்டு வாசலுக்கே வர வேண்டும். அதுவரை, வரும் கடிதங்களைப் பதிவேட்டில் எழுதி அன்றைக்கே கொடுக்க வேண்டும்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதைக் கேட்கப்போகிறோம். உங்கள் தோட்டத்திலும் கேளுங்கள். அந்தத் தங்கை மறுபடியும் விண்ணப்பம் போட்டிருக்கிறாள்.