கருமுட்டையும் மாத்திரைப் புட்டியும்

 

பிள்ளைப்பேறு தாமதமாகும் பெண்களுக்குக் ‘கருமுட்டை செழிக்கும்’ என்று ஆண்டிஆக்ஸிடண்ட் மாத்திரைகள் நம் தருமபுரி மாவட்டத்திலும் விற்கப்படுகின்றன. விலையோ அதிகம். உண்மை என்ன?

முதிரும் கருமுட்டை, குளூட்டாதயோன் என்னும் காப்புப்பொருளைத் தன்னுள் சேமிக்கிறது. உள்ளே புகும் விந்தணுவின் தலைப்பகுதியை நெகிழ்த்த உதவுவதும் அதுவே. உடலினுள் ஆக்ஸிஜன் குறைவு; ஆய்வுக்கூடத் தட்டிலோ காற்றிலுள்ள 21 விழுக்காடும் முட்டையைத் தாக்கக்கூடும். ஆகவே, சோதனைக்குழாய்க் கன்றுகளை உருவாக்கும் கால்நடை ஆய்வாளர்கள் (1990-இல் கர்னாலில் பிறந்த ‘பிரதம்’ என்னும் எருமைக்கன்று நினைவிருக்கலாம்) தட்டில் சிஸ்டியமின் போன்றவற்றைச் சேர்த்துப் பயன் கண்டனர்.

தட்டில் பலித்தது வயிற்றிலும் பலிக்கும் என்பதற்கில்லை. எலிகளின் சினைப்பையில் ஆக்ஸிஜன் வினைப்பொருள்களை அடக்கியபோது முட்டை வெளிப்படுவதே தடைப்பட்டது! பெண்களிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தோரும் சான்று வலுவற்றது என்றே உரைக்கின்றனர். நெல்லிக்கனியும் கீரையும் தாராளமாக உண்ணலாம். புட்டிக்கு அவசரம் வேண்டாம்.

ஸகரிய்யா நபி (அலை) அவர்கள் பிள்ளை வேண்டியபோது மனைவியின் நிலையை மட்டுமா கூறினார்கள்? தம் முதுமையையும் சேர்த்தன்றோ முறையிட்டார்கள்! நம் வீடுகளிலோ பழி முழுவதும் மருமகள் தலையில். மாமியார்மார்களே, முதலில் உங்கள் மகனை விந்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். பின்னர் இருவருமாக மருத்துவரிடம் செல்லட்டும்.