அணு உலை வெடிப்பதும் தலைவிதியா?

நம் கொங்கு நாட்டில் கிணறு வெட்டும்போது மண் சரிந்து ஓர் ஆள் செத்தால், "அவன் விதி அவ்வளவுதான்" என்று சொல்லி, மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். கரைக்கு முட்டுக் கொடுக்காதது யார் குற்றம் என்று கேட்பவனைத் துஷ்டன் என்கிறார்கள். விஞ்ஞானம் வளர்ந்த தேசங்களில் இந்தப் புத்தி இல்லை என்று சொல்ல முடியுமா?

ஜப்பானில் 2011-ம் வருஷம் மார்ச்சு 11-ந் தேதி பூகம்பத்தால் கடல் பொங்கி, புக்குஷிமா அணு உலை நிலையத்துக்குள் புகுந்தது. "இயற்கையின் சீற்றம்" என்றார்கள். நடந்ததென்ன? விறகை இழுத்துவிட்ட அடுப்பிலும் தணல் கனன்றுகொண்டிருப்பதுபோல், நிறுத்திய உலையிலும் சூடு அடங்காது. ஓயாமல் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும். வெளி மின்சாரம் பூகம்பத்தில் அறுந்தது. உதவிக்கிருந்த டீசல் யந்திரங்களைப் பெரும்பாலும் கீழ்த்தளத்தில் வைத்திருந்தபடியால் அவையும் மூழ்கின. 3 உலைகளில் எரிபொருள் உருகிற்று. ஒன்றரை லட்சம் பேருக்குமேல் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். 15 மீட்டருக்குமேல் அலை வரலாமென்ற கணக்கு 2008-லேயே கம்பெனியின் கையிலிருந்தது. ஆனால் மதில் எழவில்லை. ஜப்பான் பார்லிமெண்டு நியமித்த கமிஷனே 2012-ல், இது மனிதர்கள் உண்டாக்கிய விபத்து என்று தீர்ப்புச் சொல்லிற்று. மேலதிகாரியைக் கேள்வி கேட்கக் கூசும் பழக்கமே அதற்கு வேரென்று கமிஷன் தலைவர் குரோகவா எழுதினார்.

கடவுளில்லை என்று சொன்ன சோவியத் சர்க்காரிலாவது இந்தப் பழக்கம் ஒழிந்திருந்ததா? உக்ரேனிலுள்ள செர்னோபிலில் 1986 ஏப்ரல் 26-ந் தேதி, பாதுகாப்புக் கருவிகள் சிலவற்றை நிறுத்திவிட்டு ஒரு சோதனை நடத்தினார்கள். உலையை அடக்கவேண்டிய கோல்களே சில சமயம் அதன் வேகத்தைக் கூட்டிவிடும் என்ற குற்றம் அதை வகுத்தவர்களுக்குத் தெரியும், ஓட்டியவர்களுக்குத் தெரிவிக்கவில்லை. உலை வெடித்தது. பக்கத்து ஊராகிய ப்ரிப்யாத்தின் சுமார் 50,000 ஜனங்களை ஒன்றரை நாள் கழித்தே வெளியேற்றினார்கள். கதிர் அயோடின் கலந்த பாலைக் குடித்த குழந்தைகளில் அநேகருக்குப் பிற்காலத்தில் தைராய்டுப் புற்றுநோய் கண்டது. கடவுளை இறக்கிவிட்டு அந்தப் பீடத்தில் சர்க்காரை ஏற்றினால் மூடநம்பிக்கை ஒழிந்துவிடாது என்பதற்கு இதைவிட என்ன ருஜு வேண்டும்?

"கூடங்குளம் திருநெல்வேலிச் சீமையில் இருக்கிறது, நமக்கென்ன?" என்று சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. அங்குள்ள இரண்டு 1,000 மெகாவாட் உலைகளின் மின்சாரம் பொதுக் கம்பியில் கலந்து, சோமனூர்த் தறிக்கும் திருப்பூர்த் தையல் யந்திரத்துக்கும் சேர்த்துத்தான் வருகிறது. சுகத்தில் பங்கு நமக்கு. பயம் மாத்திரம் இடிந்தகரை மீனவருக்கா? 2011, 2012-ல் அவர்களும் அக்கம்பக்கத்தாரும் கேள்வி கேட்டபோது, ஆயிரக்கணக்கானவர் மீது ராஜத்துரோக வழக்குப் போட்டார்கள். 2013-ல் உலைக்கு அனுமதி கொடுத்த சுப்ரீம் கோர்ட்டே 15 கட்டளைகள் விதித்தது. கேட்க வேண்டிய கேள்வியே இல்லையென்றால் 15 கட்டளைகள் எதற்கு?

நாம் மின்சாரத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் விரோதிகளல்ல. சோதனைக் கணக்குகளை ஜனங்கள் முன் வைக்கவேண்டும்; மேற்பார்வை செய்பவர் உலை நடத்துபவருக்குக் கட்டுப்படாதவராக இருக்கவேண்டும்; தப்பிப்போகும் வழியை ஊராருக்கு முன்னமே பழக்கவேண்டும். இவ்வளவுதான் கேட்கிறோம். யந்திரத்துக்குப் பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைப்பவனைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். "நிபுணர் சொல்லிவிட்டார்" என்று வாய் பொத்தி நிற்பவன் அவனைவிட எந்த விதத்தில் உயர்த்தி? தோழர்களே, யோசித்துப் பாருங்கள்.