நோய் ஒன்று, வாசல் பல

கழுத்தின் முன்புறத்தே வண்ணத்துப்பூச்சியின் வடிவில் அமைந்த சிறிய உறுப்பு தைரொயிட் சுரப்பி. உடலைக் காக்க வேண்டிய நீர்ப்பீடனமே பகையாகி அச்சுரப்பியைச் சிதைக்கும் நோயை 1912ஆம் ஆண்டில் ஜப்பானிய வைத்தியர் ஹகாரு ஹஷிமோட்டோ முதலில் விவரித்தார். அதன் காரணம் துலங்க மேலும் நாற்பத்துநான்கு ஆண்டுகள் சென்றன. 1956இல் லண்டனில் டெபோரா டோனியாக், ஐவன் ரொயிற் முதலியோர், தம் சுரப்பியையே எதிர்க்கும் பிறபொருளெதிரிகளை நோயாளரின் குருதியிற் கண்டனர். இன்று சுரப்பியின் தளர்ச்சியை அறிய ரி.எஸ்.எச். என்னும் குருதிப் பரிசோதனை உண்டு. குறையை நிரப்பத் தைரொக்சின் குளிசை உண்டு. அறிவு இத்துணை வளர்ந்த பின்னரும் நோயாளர் அலைவது ஏன்?

என் தங்கை ஈராண்டு அலைந்தாள். முடி உதிர்ந்தமைக்குத் தோல் நிபுணர். மாதவிடாய்க் கோளாறுக்கு மகப்பேற்று நிபுணர். ஓயாத சோர்வுக்கு, "மனத்தைத் தேற்றிக்கொள்" என்ற உறவினரின் உபதேசம். கழுத்து வீங்கியபோது உப்பில் அயடீன் போதாதென்றனர் அயலவர். இந்நாட்டில் உப்புக்கு அயடீன் சேர்ப்பது 1995 முதல் சட்டமாயிருப்பதையும், இந்நோய்க்கு மிகையான அயடீன் கேடாகலாம் என்பதையும் அவர்கள் அறியார். ஒவ்வொருவரும் தத்தம் உறுப்பையே நோக்கினர். முழு மனுஷியை எவரும் நோக்கவில்லை.

நோய் வெளிப்பட்டுக் குளிசை தொடங்கிய பின்னரும் குணம் காணவில்லை. இறுதியில் அரசாங்க வைத்தியசாலையொன்றின் பொது வைத்திய நிபுணர் ஒரு கேள்வி கேட்டார்: "குளிசையை எப்படி விழுங்குகிறீர்கள், பிள்ளை?" காலைத் தேநீருடன், இரும்புச்சத்துக் குளிசையையும் சேர்த்து என்றாள் தங்கை. வெறுவயிற்றில் தண்ணீருடன் எடுக்கவும், இரும்பு, கல்சியம் ஆகியவற்றை நான்கு மணிநேரம் தள்ளி வைக்கவும், ஆறு முதல் எட்டு வாரத்தில் மீண்டும் பரிசோதிக்கவும் அவர் பணித்தார். மருந்து மாறவில்லை, அளவும் மாறவில்லை. தங்கை தேறினாள்.

இதிலிருந்து நான் கொள்ளும் முடிவு யாது? இந்நோயாளருட் பெரும்பாலோர்க்குப் பொறுமையுள்ள ஒரு பொது வைத்தியர் போதும். கருவுற்றோர், குழந்தைகள், இருதய நோயுடையோர், கழுத்திற் கட்டியுடையோர், மருந்துக்கு இணங்காதோர் ஆகியோர்க்கே அகஞ்சுரப்பியியல் நிபுணரின் துணை இன்றியமையாதது. எனினும் நம் நாட்டில் இந்த வரிசை இல்லை. மாலையில் 'சனல்' செய்வதற்குப் பணமுள்ளவர், தாமே தம் நோயைத் தீர்மானித்து, தாமே நிபுணரையும் தெரிவு செய்கிறார். சில நிமிடங்களே கிடைக்கும் அவ்விடத்தில் குளிசையை விழுங்கும் விதத்தைக் கேட்க யாருக்கு நேரம்? பணமில்லாதவரோ நெடுவரிசையிற் காத்திருக்கிறார். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியைத் தொடர்ந்து வைத்தியர் பலர் நாட்டை விட்டு நீங்கியமை அவ்வரிசையை மேலும் நீட்டியது.

இலவச வைத்தியம் நாம் பெற்ற பெரும்பேறு. அதனை ஒருவரும் மறுத்தல் இயலாது. ஆயினும் வாசல்கள் பல திறந்திருப்பது மட்டும் போதாது. எவ்வாசலுக்குச் செல்வதென்று சொல்ல முதல் வாசலில் ஒருவர் வேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதன் வரலாற்றை அறிந்த ஒரு வைத்தியர், அவர் எழுதும் கடிதத்துடனேயே நிபுணரிடம் செல்லும் ஒழுங்கு: இவ்விரண்டும் அமையும் வரை, என் தங்கை நடந்த பாதையில் வேறு பல தங்கைகள் நடந்துகொண்டே இருப்பர்.