தலைவலிக்குப் போகும்போது மனசையும் சொல்லுங்கள்

எலெக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா, சந்தாபுரா வட்டாரத்தில் வாழும் தமிழ் மக்களுக்கு, உங்களோடு குடியிருக்கும் எங்கள் வேண்டுகோள்.

ஐடி கம்பெனியில் இருப்பவரும், கார்மென்ட்ஸில் தைப்பவரும், ஓசூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வருபவரும் தலைவலி, வாயு, தூக்கமின்மை, ஓயாத அசதி என்று பக்கத்துக் கிளினிக்குக்குப் போகிறோம். காலையில் எழவே மனமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்பதை மட்டும் சொல்லாமல் வந்துவிடுகிறோம். டாக்டரும் வெளியே காத்திருக்கும் கூட்டத்தில் கேட்காமல் விடுகிறார். மனச்சோர்வு தப்பிப்போகும் இடம் இதுதான். தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் முன்னின்று 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, இந்த நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேர் சிகிச்சைக்கே வந்து சேரவில்லை. அந்த நிம்ஹான்ஸ் இருப்பது நம் ஓசூர் ரோட்டில்தான்.

மனச்சோர்வைக் காட்டித்தர ரத்தப் பரிசோதனை கிடையாது. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் மனம் சோர்ந்தே கிடந்தால் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் இதேபோல் ஆளை முடக்கும். அவற்றையும் பார்த்துத்தான் அவர் முடிவு சொல்வார்.

லேசான சோர்வுக்கு ஆலோசனையே போதுமானதாக இருக்கலாம். மாத்திரை எழுதினால், அது வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். முதல் வாரத்தில் குமட்டல் வரலாம், பலன் தெரியாது. அங்கேதான் பலரும் விட்டுவிடுகிறார்கள். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். இவை போதையூட்டுபவை அல்ல. ஆனால் டாக்டரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தக் கூடாது. வீட்டிலுள்ள பெரியவர்களே, கோயிலுக்குத் தாராளமாகக் கூட்டிப்போங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகும் என்று இன்னொரு உயிரையும் இதில் இழுக்காதீர்கள்.

வேலையிடத்துக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சுகிறவர்களுக்கு: நோயாளியின் விவரத்தை ரகசியமாகக் காக்கும் கடமையை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவர்மீது வைத்திருக்கிறது. மற்ற நோய்களைப் போலவே இதற்கும் காப்பீடு தர வேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.

இந்த வட்டார டாக்டர்களிடமும் ஒன்று கேட்கிறோம். காரணம் பிடிபடாத வலியோடு வருபவரிடம், மனம் எப்படி இருக்கிறது, தூக்கம் வருகிறதா என்று தயவுசெய்து கேளுங்கள்.

யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் 14416. அரசின் டெலி மானஸ் சேவை; இலவசம், இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம். அதன் தொழில்நுட்பத்துக்குத் துணை நிற்பது இங்குள்ள ஐஐஐடி பெங்களூர். செத்துவிடலாம் போலிருக்கிறது என்று யாராவது சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள். கூடவே இருந்து அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

இப்படிக்கு,
எலெக்ட்ரானிக் சிட்டியில் வாழும் தமிழர்கள் சிலர்