ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தலாமா?

ஆஸ்துமாவுக்காக ஓராண்டாகப் பிரெட்னிசலோன் மாத்திரை உட்கொண்டு வந்த தம் தாயார், ரமளான் பிறை கண்ட இரவில் அதனை நிறுத்திவிட்டதாக வாசகச் சகோதரி ஒருவர் எழுதியுள்ளார். இரைப்பு தணிந்திருந்தமையால் இனித் தேவையில்லை என்று அவ்வம்மையார் கருதியிருக்கிறார். ஐந்தாம் நோன்பன்று வாந்தி கண்டு, இரத்த அழுத்தம் வீழ்ந்து, மயங்கிச் சரிந்தாராம். மருத்துவமனையில் பிழைத்துக்கொண்டார், அல்ஹம்துலில்லாஹ். "நோய் குறைந்தபின் மருந்தை விட்டதில் என்ன தவறு?" என்பது சகோதரியின் வினா.

நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பி கவிழ்த்தாற்போல் அமைந்த அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. அதன் சாயலில் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டதே பிரெட்னிசலோன். ஆற்றலில் ஏறத்தாழ நான்கு மடங்கு. இன்சுலின் உயிரணுவின் வெளிச்சுவரில் நின்றே தன் செய்தியைச் சொல்லிவிடும். கொழுப்பில் கரையும் கார்ட்டிசாலோ சுவரை ஊடுருவி உள்ளே நுழைகிறது. அங்கே அதற்கெனவே ஒரு புரதம் காத்திருக்கிறது, ஏற்பி என்பர். ஏற்பியின் உள்ளே ஒரு குழிவு உண்டு. அக்குழிவில் ஹார்மோன் பொருந்தியதும் ஏற்பியின் உருவம் சற்றே மாறுகிறது. மாறிய ஏற்பி உயிரணுவின் உட்கருவுக்குள் செல்கிறது.

உட்கருவில் டி.என்.ஏ. இழையின் குறிப்பிட்ட எழுத்து வரிசைகளை இரண்டு ஏற்பிகள் இணைந்து பற்றிக்கொள்கின்றன. பற்றும் பகுதி குலையாமல் நிற்பது துத்தநாக அணுக்களின் உதவியால். அருகிலுள்ள மரபணு விழிக்கிறது. புதிய புரதம் உருவாகிறது. வேறு சில மரபணுக்களை அதே ஏற்பி அடக்கிவிடுகிறது. அழற்சியைத் தூண்டும் மரபணுக்கள் இவ்வாறு அடங்குவதால்தான் ஆஸ்துமா பெரிதும் தணிகிறது. இவையெல்லாம் நடந்தேற வேண்டியிருப்பதால் பலன் தெரியச் சில மணி நேரம் ஆகும். விழுங்கியவுடன் இரைப்பு நிற்கவில்லையே என்று பதறி இன்னொன்றை விழுங்குவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

தைராய்டு ஹார்மோனுக்கும் வைட்டமின் டி-க்கும் இத்தகைய ஏற்பிகள் உண்டு. மனித உடலில் இக்குடும்பத்தில் மொத்தம் 48 பேர். கார்ட்டிசோன் மருந்து முடக்குவாத நோயாளிக்கு முதன்முதலில் 1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் தரப்பட்டது. அதன் ஏற்பிக்குரிய மரபணு 1985-இல்தான் பிரித்தறியப்பட்டது. எப்படி வேலை செய்கிறது என்று முழுதும் அறியாமலே இத்தனை காலம் உயிர்களைக் காத்த மருந்து இது.

இனி அம்மையாரின் மயக்கத்துக்கு வருவோம். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலும் இதே ஏற்பி உண்டு. "கார்ட்டிசால் சுரக்குக" என்னும் கட்டளை அட்ரினலுக்கு அங்கிருந்தே செல்கிறது. இரத்தத்தில் கார்ட்டிசால் மிகுந்தால் அக்கட்டளைக்குரிய மரபணுவை ஏற்பி அடக்கிவிடும். மிகை நேராமல் இறைவன் அமைத்த அருமையான ஏற்பாடு! ஆயினும் மாத்திரையையும் கார்ட்டிசாலையும் ஏற்பி பிரித்தறிவதில்லை. மாதக்கணக்கில் மாத்திரை வந்துகொண்டிருந்தால் கட்டளை ஓய்கிறது. வேலையற்ற அட்ரினல் சுருங்குகிறது. இந்நிலையில் மாத்திரையும் நின்றால் உடலில் கார்ட்டிசாலுக்கு வழியே இல்லை. சுரப்பி மீண்டெழப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுகூட ஆகலாம். மருத்துவர்கள் அளவைப் படிப்படியாகக் குறைப்பது இதனால்தான்.

நோயாளி நோன்பைப் பிறிதொரு காலத்தில் நோற்க மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. மாத்திரையை ஸஹர் வேளைக்கு மாற்றலாமா, நோன்பையே தள்ளிவைக்க வேண்டுமா என்பதை ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் கேட்டறியுங்கள். வாந்தியால் மாத்திரை வயிற்றில் தங்காவிடில் வீட்டில் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஊசி மூலம் செலுத்த வேண்டிவரும். பல் பிடுங்கச் சென்றாலும் ஸ்டீராய்டு உட்கொள்வதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.