தொட்டால் தீட்டு, நஞ்சைக் கொட்டினால் வளர்ச்சியா?

இந்த நாட்டில் தண்ணீர் எப்போது அசுத்தமாகும்? தலித்துகள் கை வைத்தால் ஆகிவிடும். 1927 மார்ச் 20 அன்று மகாடு நகரின் சவுதார் குளத்தில் அம்பேத்கரும் தோழர்களும் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். சாதி இந்துக்கள் அவர்களை அடித்து விரட்டினார்கள். பிறகு மாட்டுச் சாணத்தையும் மூத்திரத்தையும் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். அதே நாட்டில் மருந்து ஆலைகள் ஏரியில் நஞ்சைக் கொட்டினால் எவருக்கும் தீட்டுப் படுவதில்லை. அதற்குப் பெயர் தொழில் வளர்ச்சி!

ஹைதராபாத் அருகே பட்டன்சேருவைப் பாருங்கள். சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவு அங்கே ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்தது. 'சுத்திகரித்து' வெளியே விட்ட நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததாக ஸ்வீடன் ஆய்வாளர் யோக்கிம் லார்சனின் குழு 2007இல் எழுதியது. அந்த மாத்திரையை விழுங்கும் நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட இது அதிகம்.

மீனுக்கு என்ன ஆகும்? அந்தக் கழிவுநீரை 500இல் ஒரு பங்காகக் கரைத்தும் சோதித்தார்கள். மீன்களின் ஈரலில் மரபணுக்களின் செயல்பாடு மாறியது. தவளையின் தலைப்பிரட்டைகள் எடையில் 40 சதவீதம் குறைந்தன. மருந்து என்பதே சிறு அளவில் உடலை மாற்றுவதற்காகச் செய்யப்படுவது. மனித உடலில் அது போய் ஒட்டும் இடங்கள் பலவும் மீனின் உடலிலும் உண்டு. கனடாவில் ஓர் ஏரியில், கருத்தடை மாத்திரையிலுள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜனை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் அளவில் கலந்து பார்த்தார்கள். ஆண் மீன்களின் உடலில் முட்டைக்கான புரதம் ஊறியது. சில ஆண்டுகளில் அந்தச் சிறுமீன் இனமே ஏரியில் அழியும் நிலைக்கு வந்தது.

2017 அக்டோபரில், மருந்து ஆலைகள் சூழ்ந்த கட்டபோத்தாரம் ஏரியில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்கள் செத்து மிதந்தன. தெலங்கானா ஏரிகளில் வலை வீசுவது யார்? முதிராஜ், கங்கபுத்ர சாதி உழைப்பாளிகள். ஆலையின் லாபம் ஒருவர் வீட்டுக்கு, செத்த மீன் இன்னொருவர் வலைக்கு. சாதி இங்கே வேறு எப்படி வேலை செய்யும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

இது தெலங்கானாவோடு நிற்கவில்லை. காவிரியில் 22 இடங்களில் இரண்டு ஆண்டுகள் நீர் எடுத்துச் சோதித்த சென்னை ஐஐடி குழு, வலி நிவாரணிகள் உள்ளிட்ட மருந்து எச்சங்களைக் கண்டதாக 2021இல் அறிவித்தது. நம் சேர்வராயன் மலையின் நீர் திருமணிமுத்தாறாகவும் சரபங்காவாகவும் இறங்கி அந்தக் காவிரியில்தான் சேர்கிறது. வெள்ளக்கடை முதலான ஏற்காட்டு ஊர்களில் வாழும் மலையாளிப் பழங்குடிகளின் மலையிலிருந்து தெளிவாகப் புறப்படும் தண்ணீர், சேலம் நகரத்தைத் தாண்டும்போது சாக்கடையாகிவிடுகிறது. நாம் விழுங்கும் மாத்திரையில் ஒரு பகுதி அப்படியே சிறுநீரில் வெளியேறுகிறது. வழக்கமான சுத்திகரிப்பு நிலையங்கள் அதைப் பிரிப்பதற்காகக் கட்டப்பட்டவை அல்ல.

"மலிவான மருந்து ஏழைகளுக்கு வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும்! ஆனால் அந்த மலிவுக்கான மீதி விலையை யார் கட்டுவது? ஏரிக்கரை மீனவர் கட்டுகிறார். ஆன்டிபயாட்டிக் ஓடும் நீரில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுகின்றன. நாளை அந்தக் கிருமி தொற்றும்போது, விலை உயர்ந்த மருந்து வாங்க முடியாத ஏழையும் கட்டுவார்.

ஒன்றிய அரசு 2020 ஜனவரியில் ஒரு வரைவு விதியை வெளியிட்டது. ஆலைக் கழிவில் 121 ஆன்டிபயாட்டிக்குகள் எவ்வளவு இருக்கலாம் என்று அது வரம்பு விதித்தது. 2021 ஆகஸ்டில் இறுதி விதி வந்தது. வரம்புகள் காணாமல் போயிருந்தன. தீட்டுக்கு மனு எழுதிய சட்டம் இன்னும் ஊர்க் கிணறுகளில் உயிரோடு இருக்கிறது. நஞ்சுக்கு எழுதிய வரைவோ பிறக்குமுன்பே செத்தது.

ஆகவே கேட்போம்: அந்த வரம்புகளை மீண்டும் கொண்டுவா. ஒவ்வோர் ஆலையின் கழிவுநீர்ச் சோதனை முடிவையும் ஊர்மக்கள் படிக்கும் மொழியில் வெளியிடு. மீன் செத்தால் மீனவருக்கு இழப்பீட்டை ஆலையிடமிருந்து வாங்கிக் கொடு. சூழலியல் பேசும் தோழர்கள் மகாடைப் படிக்க வேண்டும். சாதி ஒழிப்பு பேசும் தோழர்கள் செத்த மீனையும் பார்க்க வேண்டும். தண்ணீரைத் தொடும் உரிமைக்காகப் போராடி வென்றவர்களின் பிள்ளைகளுக்கு, தொட முடியாத தண்ணீரைக் கொடுப்பதும் தீண்டாமைதான்.