சான்று கொணர வேண்டியவர் யாவர்?

யுத்தத்திற் காலிழந்த சிப்பாயின் காயத்தை எவரும் காண்பர். களத்தில் அவன் சுவாசித்த நஞ்சோ, இருபது முப்பது ஆண்டுகள் தேகத்துள் ஒளிந்திருந்து, பின்னர்ப் புற்றுநோயாய் வெளிப்படும். அது அக்களத்தில் வந்ததேயென அவன் எங்ஙனம் நாட்டுவான்? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வினா மூன்று தலைமுறைச் சிப்பாய்களை அலைக்கழித்துள்ளது. சரித்திரமும் ரசாயனமும் பயிலும் நம் மாணவர் இதனைச் சிறிது ஆராய்தல் நன்றெனக் கருதுகிறோம்.

1945 முதல் 1962 வரை அந்நாட்டார் ஆகாயவெளியில் அணுகுண்டுப் பரீட்சைகள் நடாத்தினர். அவற்றிற் பங்குகொண்டோர் ஏறக்குறைய 2 லட்சம் பேர். கண்டதை வெளியிடலாகாதென்னும் இரகசியக் கட்டுப்பாட்டினால், அவர்களிற் பலர் தாம் நின்ற இடத்தை வைத்தியரிடத்துங்கூடச் சொல்ல அஞ்சினர். அக்கட்டு 1996-இல்தான் அவிழ்க்கப்பட்டது. இதனிடையே, 1973 ஜூலையில் செயிண்ட் லூயிஸ் நகரத்து ஆவணச்சாலையில் மூண்ட தீ, ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட சேவைப் பதிவுகளைச் சாம்பலாக்கிற்று. 1960-க்கு முன் தரைப்படையினின்று நீங்கினோர் பதிவுகளே அவற்றுட் பெரும்பாலன. வாயைக் கட்டியதும் சர்க்கார். காகிதத்தைக் காவாது விட்டதும் சர்க்கார். ஆயினும் உபகாரச் சம்பளம் வேண்டின் சான்று கொணர வேண்டியவன் நோயாளி! இம்முறையை நியாயமென்று எவ்வாறு சொல்வது?

1988-இற் பிறந்த சட்டம் இம்முறையை ஓரளவு மாற்றிற்று. குறித்த இடத்தில் இருந்தவனுக்குக் அன்று அச்சட்டம் குறித்த 13 வகைப் புற்றுநோய்களுள் ஒன்று வந்திருப்பின், அது சேவையினால் வந்ததென்றே கொள்ளப்பட்டது. காரணத்தை அவன் நிரூபிக்க வேண்டுவதில்லை. வியட்நாமில் 1962 முதல் 1971 வரை தழைகளை உதிர்க்கத் தெளித்த மருந்துகளுள் 'ஏஜண்டு ஆரஞ்சு' என்பதில் டையாக்ஸின் என்னும் கொடுநஞ்சு கலந்திருந்தது. அதற்கும் இவ்வனுமானம் 1991-இல் நீட்டப்பெற்றது. கரையோரக் கப்பல்களில் இருந்தோர் 2019 வரை காத்திருந்தனர். ஈராக், ஆப்கானிஸ்தான் பாசறைகளில் பிளாஸ்டிக்கையும் மின்கலங்களையும் வைத்தியக் கழிவையும் குழிகளிலிட்டு எரித்த புகைக்கு ஆளானோருக்கு 2022-இற் சட்டம் வந்தது. அதற்கு ஹீத் ராபின்ஸன் என்னும் சார்ஜண்டின் பெயரை இட்டனர். அவர் 2020-லேயே நுரையீரற் புற்றுநோயால் இறந்துபோயினார்.

புகைபிடித்து நோயுற்றவனும் இதன்கீழ்ப் பொருள் பெறுவானே, பொக்கிஷம் தாங்குமோ என்பார் உளர். பெறுவோருட் சிலர் அத்தகையர் ஆதல் கூடும், மறுக்கிறோமில்லை. ஒரு கூட்டத்தாரிடை நோய் மிகுந்ததென்று விஞ்ஞானம் சொல்ல வல்லது. இன்னவனுடைய கட்டி இன்ன புகையால் எழுந்ததென்று பிரித்துக் காட்டுதல் பெரும்பாலும் அதற்கு இயலாது. பிழை ஒருபுறம் சாய்ந்தே தீருமெனின், அது பொக்கிஷத்தின்மேற் சாயட்டும். மரணப் படுக்கையிற் கிடப்பவன்மேல் வேண்டா.

ஒன்று மட்டும் எம் நெஞ்சை உறுத்துகிறது. அம்மருந்து பொழிந்த நிலத்தில் வாழ்ந்த வியட்நாமியருக்கு இவ்வனுமானம் எட்டவில்லை. மருந்தைச் செய்த கம்பெனிகள்மேல் அவர்கள் தொடுத்த வழக்கை அமெரிக்க நீதிமன்றம் 2005-இல் தள்ளிற்று. மேல் முறையீடும் பயன்படவில்லை.